சிறு மானியமா, பொது வசூலா, பணமே வேண்டாமா? திறன் பகிர்வுக் குழுவுக்கு எது பொருந்தும்

ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு காரியம் ஆரம்பிக்க நினைக்கிறீர்கள். வாரம் ஒருமுறை கூடி, ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவருக்குச் சொல்லிக்கொடுப்பது, அவ்வளவுதான். ஒருவருக்குத் தையல் தெரியும், இன்னொருவர் பழுதான மின்விசிறியைப் பிரித்துச் சரிசெய்வார், ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர் படிவங்கள் நிரப்பக் கற்றுத்தருகிறேன் என்கிறார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது யாராவது ஒருவர் கைப்பேசியை நீட்டி, "இந்த மாதிரி வேலைக்கு மானியம் தருகிறார்களாம், கடைசி நாள் வெள்ளிக்கிழமை" என்பார். அதோடு பேச்சு திசைமாறிவிடும். யார் யாருக்கு எதைச் சொல்லித்தருவது என்பது போய், எவ்வளவு கேட்கலாம், யார் பெயரில் கேட்கலாம் என்று ஆகிவிடும்.

இப்படிப்பட்ட விண்ணப்பங்களை நான் எழுதியிருக்கிறேன். ஒரு சிறு நிதிக்கு வந்த விண்ணப்பங்களைப் படித்துத் தேர்வு செய்யும் குழுவிலும் கொஞ்ச காலம் இருந்தேன். அதை வைத்துச் சொல்கிறேன்: எந்தப் பணத்துக்குப் போவது என்று முடிவெடுக்கும்போது தொகையை முதலில் பார்க்காதீர்கள், அந்தப் பணம் உங்கள் ஆட்களிடம் எத்தனை மணி நேரம் கேட்கப்போகிறது என்பதைப் பாருங்கள். திறன் பகிர்வுக் குழுவுக்கு மூலதனம் என்று இருப்பதே ஆட்களின் ஓய்வு நேரம்தான். அதைச் செலவழித்துப் பணம் வாங்கினால், வாங்கிய பணத்தால் அந்த நேரத்தைத் திரும்ப வாங்க முடியாது.

எங்கள் குழு முதன்முதலாக ஒரு பெரிய மானியத்துக்கு விண்ணப்பித்தபோது இது எங்களுக்குத் தெரியவில்லை. இரண்டு பேர் ஆறு வாரம் சனி, ஞாயிறு உட்கார்ந்து எழுதினார்கள். அந்த இரண்டு பேர்தான் வகுப்புகளையும் ஒருங்கிணைப்பவர்கள் என்பதால், அந்த ஆறு வாரமும் வகுப்பு நடக்கவில்லை. மானியம் கிடைத்தது, ஆனால் பணம் கைக்கு வர ஐந்து மாதம் ஆனது, அதற்குள் கற்க வந்துகொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் வேறு வேலைகளில் போய்விட்டார்கள். பணம் வந்த அன்று எங்களிடம் இல்லாதது பணம் அல்ல, ஆட்கள்.

சரி, என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று பார்ப்போம்.

மிக எளிமையானது நிபந்தனை இல்லாத குறுமானியம். இதற்கு நன்றாக அறியப்பட்ட உதாரணம் ஆசம் ஃபவுண்டேஷன். 2009இல் பாஸ்டனில் தொடங்கியது. பத்துப் பேர் மாதம் ஆளுக்கு 100 டாலர் போட்டு, சேரும் 1,000 டாலரை ஒவ்வொரு மாதமும் ஒரு திட்டத்துக்குக் கொடுத்துவிடுவது, இதுதான் அடிப்படை. இப்போது பல நாடுகளில் கிளைகள் இருக்கின்றன, ஒவ்வொரு கிளையும் தன் விருப்பப்படி தேர்வு செய்கிறது. விண்ணப்பம் சிறியது, ஒரு மாலையில் எழுதிவிடலாம். பதிவு செய்த அமைப்பாக இருக்க வேண்டியதில்லை, கொடுத்த பணத்துக்குப் பங்கோ உரிமையோ கேட்பதில்லை. திறன் பகிர்வுக்கு இந்த அளவுப் பணம் பெரும்பாலும் போதும் என்பது என் அனுபவம், ஏனென்றால் தேவைப்படுவது ஒரு தையல் இயந்திரம், நல்ல ஸ்க்ரூடிரைவர் செட் இரண்டு, நீளமான மின் நீட்டிப்புப் பெட்டி, மேசைகள், கொஞ்சம் அச்சுக்கூலி. குறை என்னவென்றால் இது ஒருமுறை கிடைப்பது. வாடகை போல மாதாமாதம் வரும் செலவை இதில் தொடங்கிவிட்டால் நான்காவது மாதம் தடுமாறுவீர்கள். இன்னொன்றும் உண்டு. இப்படி மாதம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர்களின் கண்ணுக்குப் புதுமையான, ஒரு வரியில் சொன்னால் முகம் மலரும் திட்டங்கள் சீக்கிரம் படும். "வாரம் ஒருமுறை துணி தைக்கக் கற்றுத்தருகிறோம்" என்பது அப்படி மின்னாது. அதனால் எழுதும்போது பொதுவாக எழுதாமல், யார் யாரிடம் எதைக் கற்றுக்கொண்டார் என்று நடந்த ஒன்றை எழுதுங்கள்.

இதற்கு நெருங்கிய உறவுமுறைதான் கூடி உண்டு வாக்களிக்கும் முறை. 2010இல் டெட்ராய்ட் நகரில் தொடங்கிய டெட்ராய்ட் சூப் இதைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது. வந்தவர்கள் வாசலில் 5 டாலர் கொடுத்தார்கள். நான்கு திட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிடம் பேச்சு, அவையிலிருந்து நான்கு கேள்வி. அப்புறம் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டே பேசி வாக்களிக்க, அதிக வாக்கு வாங்கிய திட்டத்துக்கு வாசலில் சேர்ந்த பணம் முழுவதும் போனது. தொகை சில நூறு டாலராகவும் இருக்கலாம், ஆயிரத்தைத் தாண்டவும் செய்யலாம், வந்தவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. எனக்கு இந்த முறை மிகவும் பிடிக்கும், காரணம் தோற்றவர்களும் வெறுங்கையோடு போவதில்லை. பேசி முடித்ததும் நான்கு பேர் வந்து "எங்கள் வீட்டில் ஒரு பழைய தையல் இயந்திரம் சும்மா கிடக்கிறது", "எனக்கு வெல்டிங் தெரியும், வரலாமா" என்று கேட்பார்கள். திறன் பகிர்வுக்கு வேண்டிய முதல் தேவையே அந்த நான்கு பேர். ஆனால் ஒன்று: மேடையில் நான்கு நிமிடம் சரளமாகப் பேசத் தெரிந்தவர் ஜெயிக்கும் வாய்ப்பு அதிகம். உங்கள் குழுவில் மிக நல்ல கைவேலைக்காரர் கூட்டத்தைப் பார்த்தால் வாயடைத்துப்போகிறவராக இருப்பார், அவரை முன்னால் தள்ளாதீர்கள், அவரிடம் கற்றுக்கொண்டவரைப் பேசச் சொல்லுங்கள்.

அடுத்தது முறையான மானியம், அதாவது அறக்கட்டளை, அரசுத் துறை, லாட்டரி நிதி, பன்னாட்டு அமைப்பு போன்றவை தருவது. இங்கே தொகை சட்டென்று உயர்ந்துவிடுகிறது. பிரிட்டனில் தேசிய லாட்டரி சமூக நிதியத்தின் அவார்ட்ஸ் ஃபார் ஆல் திட்டம் 300 முதல் 20,000 பவுண்ட் வரை தருகிறது. ஆனால் அதற்கு எழுதிவைத்த விதிமுறை ஆவணம் வேண்டும், குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும், பணம் எடுக்க ஒருவருக்கொருவர் உறவில்லாத குறைந்தது இரண்டு பேரின் ஒப்புதல் வேண்டும். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. பணம் வந்தாலும் வராவிட்டாலும் இரண்டு பேர் கையொப்பம் போடும் கணக்கு என்பது குழுவுக்குள் நட்பு கெடாமல் இருக்க மிக நல்ல ஏற்பாடு. பணம் ஒருவர் சொந்தக் கணக்கில் இருந்தால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், என்றாவது ஒருநாள் யாராவது ஒருவர் மனத்தில் கேள்வி எழும்.

முறையான மானியத்தில் என்னை உறுத்துவது வேறு. ஒவ்வொரு நிதிக்கும் ஒரு நோக்கம் உண்டு, உங்கள் வேலை அந்த நோக்கத்துக்குள் அடங்க வேண்டும். 1992 முதல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் வழியாக நடந்துவரும் உலகச் சுற்றுச்சூழல் வசதியம் (GEF) என்ற பன்னாட்டு நிதி அமைப்பின் சிறு மானியத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எளிய மக்கள் குழுக்களுக்காகவே வகுக்கப்பட்டது அது, விண்ணப்பத்தை உள்ளூர் மொழியிலேயே தரலாம், காணொளியாகவும் ஏற்கிறார்கள், ஒவ்வொரு நாட்டிலும் தேர்வு செய்யும் குழுவில் அரசு சாராதவர்களே பெரும்பான்மை. இவ்வளவு கருத்தோடு அமைத்த திட்டங்கள் குறைவு. ஆனால் அது சுற்றுச்சூழலுக்கான நிதி. விதை சேமிப்பு, பழுதுபார்த்தல் இவற்றைக் கற்றுத்தரும் குழு அங்கே பொருந்தலாம், படிவம் நிரப்பக் கற்றுத்தரும் குழு பொருந்தாது. பொருந்தாத இடத்தில் பொருத்திக்காட்ட நினைக்கும்போதுதான் குழு வளையத் தொடங்குகிறது. தையல் வகுப்பை "கழிவுக் குறைப்பு முனைப்பு" என்று எழுதுவீர்கள், அப்புறம் அறிக்கையில் எத்தனை கிலோ துணி மிச்சமானது என்று கேட்பார்கள், வகுப்பு நேரத்தில் ஒருவர் தராசோடு உட்கார்ந்திருப்பார். தைக்க வந்தவர்கள் அடுத்த வாரம் வருவதா என்று யோசிப்பார்கள்.

அறிக்கை வேலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கையெழுத்திடுவதற்கு முன்னால் மூன்று விஷயங்களைத் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள், பெரும்பாலான நிதி அலுவலர்கள் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். பணம் முன்கூட்டியே வருமா, அல்லது நாம் செலவு செய்து ரசீது காட்டிய பிறகு வருமா? பின்னால் வருமென்றால் அது மானியமே ஆனாலும் அதுவரை குழுவில் யாரோ ஒருவர் தன் சேமிப்பிலிருந்து கடன் கொடுக்கிறார் என்றுதான் அர்த்தம், அந்தக் கடனைத் தாங்கக்கூடியவர் மட்டுமே அப்புறம் முடிவெடுப்பவராக மாறிவிடுவார். ஒரு தலைப்புக்கு வாங்கிய பணத்தை இன்னொரு தலைப்புக்கு மாற்றலாமா? மேசை வாங்க என்று எழுதினோம், யாரோ மேசையை இனாமாகத் தந்துவிட்டார்கள், அந்தப் பணத்தில் நூல் வாங்கலாமா என்பதுதான் கேள்வி. அப்புறம், எண்ணிக்கை குறைந்தால் என்ன ஆகும்? முப்பது பேர் வருவார்கள் என்று எழுதிப் பன்னிரண்டு பேர் வந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா, இல்லை காரணம் சொன்னால் போதுமா?

பதிவு செய்யாத குழுவாக இருந்தால் இன்னொரு அமைப்பின் குடையில் நின்று பணம் வாங்கலாம். அவர்கள் உங்கள் பணத்தைத் தங்கள் கணக்கில் வைத்துக் கணக்கு வழக்கு பார்த்துக்கொள்வார்கள், ஒரு சிறு சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். ஆரம்பகட்டக் குழுவுக்கு இது மிகப் பெரிய நிம்மதி. ஆனால் அந்தக் குடை மடங்கினால் என்ன செய்வது என்பதையும் யோசித்து வையுங்கள். அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான சிறு குழுக்களுக்கு இப்படிக் குடையாக இருந்த ஓப்பன் கலெக்டிவ் ஃபவுண்டேஷன், 2024 தொடக்கத்தில் தன்னை மூடப்போவதாக அறிவித்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் அத்தனை குழுக்களும் வேறு இடம் தேட வேண்டியிருந்தது.

இப்போது எனக்கு மிக நெருக்கமான வழிக்கு வருகிறேன். ஈடு மானியம் என்று சொல்லலாம். நீங்கள் ஒரு பங்கு போட்டால் நிதி தருபவர் ஒரு பங்கு போடுவார். சியாட்டில் நகராட்சி 1988இல் தொடங்கிய அண்டைப்பகுதி ஈட்டு நிதி இதற்கு முன்னோடி. இதில் முக்கியமான விஷயம், குழு போடும் பங்கு பணமாக இருக்க வேண்டியதில்லை. இலவசமாகக் கிடைத்த பொருள், ஒரு தொழிலாளி கூலி வாங்காமல் செய்துகொடுத்த வேலை, தன்னார்வலர்கள் உழைத்த மணி நேரம், எல்லாவற்றுக்கும் ஒரு மதிப்புப் போட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். விளையாட்டு மைதானங்கள், பொதுத் தோட்டங்கள், சுவரோவியங்கள் என்று பலவும் இப்படி உருவாகியிருக்கின்றன.

ஏன் இது திறன் பகிர்வுக்கு இவ்வளவு பொருந்துகிறது என்று யோசித்தேன். மற்ற மானியங்களில் விண்ணப்பம் என்பது உங்களிடம் என்ன இல்லை என்ற பட்டியல். இடமில்லை, கருவியில்லை, பயிற்சியில்லை, வாய்ப்பில்லை என்று எழுத எழுத உங்கள் ஆட்களையே நீங்கள் குறைத்துப் பேச ஆரம்பித்துவிடுவீர்கள். ஜான் கிரெட்ஸ்மேன், ஜான் மெக்நைட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1993இல் முன்வைத்த சமூக வளர்ச்சி அணுகுமுறை இதைத்தான் மாற்றிப் போட்டது: ஒரு பகுதியின் குறைகளை வரைபடமாக்காமல், அங்கே இருக்கும் ஆட்களுக்கு என்னென்ன தெரியும், என்னென்ன சங்கங்கள் இருக்கின்றன, என்னென்ன இடங்கள் சும்மா கிடக்கின்றன என்பதை முதலில் எழுதுங்கள் என்றார்கள். ஈடு மானியத்தின் விண்ணப்பம் உங்களை அப்படித்தான் எழுத வைக்கிறது. உங்கள் பங்கைக் காட்ட வேண்டுமானால் யார் எத்தனை மணி நேரம் தருவார் என்று வீடுவீடாகக் கேட்டாக வேண்டும். நாங்கள் ஒருமுறை அப்படிக் கேட்கப் போனபோது, மூன்று தெரு தள்ளி இருந்த ஒரு பெண்மணி இருபது வருடம் புத்தகம் கட்டும் வேலை செய்தவர் என்பது தெரியவந்தது. அதுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அந்த மானியம் கிடைக்காமல் போயிருந்தாலும் அவர் கிடைத்திருப்பார்.

இதிலும் சிரமம் உண்டு. மணிக்கணக்கை எழுதிவைக்க வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும். முதல் இரண்டு வாரம் எல்லோரும் ஒழுங்காக எழுதுவார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். வாசலில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்து, அதைக் கவனிக்க ஒருவரை நியமித்துவிட்டால் சமாளிக்கலாம். இன்னொரு சிக்கல் பெரியது: இரண்டு வேலை பார்க்கும் ஆட்கள், சின்னக் குழந்தைகளை வைத்திருப்பவர்கள், நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் நிறைந்த பகுதியில் தன்னார்வ மணி நேரம் என்பதே அரிது. அப்படிப்பட்ட இடத்தில் ஈடு கேட்பது ஏற்கெனவே ஓய்வு உள்ளவர்களுக்கே மேலும் கொடுப்பதாக ஆகிவிடும். நிதி தரும் இடத்தில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், ஈட்டின் விகிதத்தை இடத்துக்குத் தக்கபடி இறக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பொது வசூல், அதாவது இணையத்தில் பலரிடம் சிறு தொகை திரட்டுவது, ஒரு காலத்தில் எல்லாவற்றுக்கும் மருந்து போலப் பேசப்பட்டது. 2009இல் வந்த கிக்ஸ்டார்ட்டர் என்ற வசூல் தளத்தில் இலக்கை எட்டினால்தான் பணம், எட்டாவிட்டால் ஒன்றும் இல்லை, எட்டினால் 5 சதவீதமும் பணப் பரிமாற்றக் கட்டணமும் பிடிப்பார்கள், எல்லா நாட்டிலிருந்தும் அங்கே வசூல் தொடங்கவும் முடியாது. பொருள் ஒன்றைத் தயாரித்து அனுப்பும் திட்டங்களுக்கு அது நன்றாக உதவியிருக்கிறது. வாராந்திர வகுப்பு நடத்தும் குழுவுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். பணம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவர்களாகவே இருப்பார்கள், ஒரு மாதம் தினமும் அவர்களுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும், அது ஒருவரின் முழு ஓய்வு நேரத்தையும் எடுத்துக்கொள்ளும். அதில் ஒரு விதிவிலக்கு ஸ்பெயினில் 2011இல் தொடங்கிய கோத்தேயோ என்ற வசூல் தளம். அங்கே பணத்தோடு கூட "இந்த வேலைக்கு இரண்டு நாள் கைகொடுக்க ஒருவர் வேண்டும்", "இந்தக் கருவி இரவல் வேண்டும்" என்றும் கேட்கலாம், சில வசூல்களில் நிறுவனங்களும் பொது அமைப்புகளும் மக்கள் போடும் பணத்துக்கு ஈடாகப் போடுகின்றன. பொது வசூல்தான் வழி என்று முடிவு செய்தால், எந்தத் தளத்தைப் பயன்படுத்தினாலும் இந்த மாதிரிக் கேளுங்கள். பணம் தர முடியாதவரும் ஏதோ ஒன்றைத் தருவார்.

வாக்கெடுப்பு முறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989இல் தொடங்கிய பங்கேற்பு வரவுசெலவுத் திட்டம், அதாவது உள்ளாட்சிப் பணத்தில் ஒரு பகுதியை எதற்குச் செலவிடுவது என்று மக்களே முடிவு செய்யும் முறை, உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. உங்கள் உள்ளாட்சி இதை நடத்தினால் கூட்டங்களுக்குப் போங்கள், பணம் கிடைக்கும் கிடைக்காது என்பதைவிட அங்கே யார் யார் எதற்காகப் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் அது பெரும்பாலும் சாலை, கட்டடம், பூங்கா போன்ற நிலையான வேலைகளுக்குப் பொருந்துகிறது. இன்னொன்று, கடந்த சில ஆண்டுகளாகப் பேசப்படும் இருபடி நிதியளிப்பு. ஒவ்வொருவரும் தரும் தொகையின் வர்க்கமூலத்தைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையின் வர்க்கத்தைத் திட்டத்தின் எடையாக எடுத்து, பொது நிதி ஒன்றை அந்த எடைக்குத் தக்கபடி பங்கிடுவது. நூறு பேர் ஆளுக்கு 1 கொடுத்தால் எடை 10,000, ஒரே ஆள் 100 கொடுத்தால் எடை 100 மட்டுமே. அதாவது எத்தனை பேர் என்பதற்குத்தான் மதிப்பு. கருத்து அழகானது, ஆனால் ஒரே ஆள் பல பெயர்களில் வந்தால் தடுப்பது கடினம், அதனால் அடையாளச் சோதனைகள் வரும், அது எளிய குழுக்களுக்கு மேலும் ஒரு வாசல்படி. அப்புறம் இணையத்தில் "எங்களுக்கு வாக்களியுங்கள்" என்று நடத்தும் போட்டிகள். அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். உங்கள் ஆட்களின் நட்பை யாருடைய விளம்பரத்துக்கோ செலவழிப்பதாகத்தான் அது முடிகிறது.

பணமே இல்லாமல் தொடங்குவதும் ஒரு வழிதான், அதை மற்ற வழிகளுக்குச் சமமாக வைத்தே யோசியுங்கள். நேர வங்கி அப்படிப்பட்டது. ஜப்பானில் தெருகோ மிசுஷிமா 1973இல் ஒசாகாவில் தொடங்கிய தன்னார்வ உழைப்பு வங்கியும், அமெரிக்காவில் எட்கர் கான் 1980இல் முன்வைத்த நேர டாலரும் ஒரே எண்ணத்தில் எழுந்தவை: ஒருவருக்கு ஒரு மணி நேரம் உதவினால், உங்களுக்கு ஒரு மணி நேரம் வரவு. கானின் முறையில் வழக்கறிஞரின் ஒரு மணியும் தோட்ட வேலை செய்பவரின் ஒரு மணியும் சமம். நடைமுறையில் இதன் சிக்கல் விசித்திரமானது. கொடுக்க எல்லோரும் முன்வருவார்கள், கேட்கத்தான் கூச்சப்படுவார்கள், வரவு சேர்ந்துகொண்டே போகும், செலவே ஆகாது. யாருக்கு என்ன வேண்டும் என்று விசாரித்து இணைத்துவிட ஒரு ஒருங்கிணைப்பாளர் வேண்டும், அவருக்குச் சம்பளம் கொடுக்க மானியம் வேண்டும், அந்த மானியம் நின்றபோது பல நேர வங்கிகளும் நின்றுபோயின. பழுதுபார்க்கும் கூடங்கள் இந்த விஷயத்தில் உறுதியாக நிற்கின்றன. 2009இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டின் போஸ்ட்மா தொடங்கிய ரிப்பேர் கஃபே இன்று உலகம் முழுக்க 2,000க்கும் மேற்பட்ட இடங்களில் நடக்கிறது. மாதம் ஒருமுறை, இரவல் வாங்கிய இடம், ஆட்கள் தங்கள் கருவியைத் தாங்களே கொண்டுவருகிறார்கள், உடைந்த பொருளோடு ஒருவர் வந்து உட்கார்ந்ததும் வேலை தானாகத் தொடங்கிவிடுகிறது. யாரும் யாரையும் இணைத்துவைக்க வேண்டியதில்லை. இதே போல, கருவிகளை இரவல் தரும் கருவி நூலகங்கள். கலிஃபோர்னியாவில் பெர்க்லி பொது நூலகத்தின் கருவி நூலகம் 1979 முதல் இருக்கிறது. புதிதாக ஒரு அமைப்பை உருவாக்காமல், ஏற்கெனவே நிற்கும் ஒரு நூலகத்தின் தோளில் ஏறிக்கொண்டதால்தான் இவ்வளவு நாள் நீடித்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

பணம் வந்தபிறகு குழுவுக்குள் வரும் மிகக் கடினமான கேள்வி, சொல்லிக்கொடுப்பவருக்குச் சம்பளம் கொடுப்பதா என்பது. இதை முன்கூட்டியே பேசாத குழுக்கள் உடைவதைப் பார்த்திருக்கிறேன். யூரி நீசி, ஆல்டோ ரஸ்டிகினி என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு எப்போதும் நினைவில் இருக்கும். அறப்பணிக்காக வீடுவீடாக நன்கொடை திரட்டப் பள்ளி மாணவர்களை மூன்று குழுக்களாக அனுப்பினார்கள். ஒரு குழுவுக்கு எதுவும் கிடையாது, ஒரு குழுவுக்குத் திரட்டிய தொகையில் 1 சதவீதத்துக்குச் சமமான பணம் தனியாக, ஒரு குழுவுக்கு 10 சதவீதம். அதிகம் திரட்டியது ஒன்றும் வாங்காத குழு, மிகக் குறைவாகத் திரட்டியது 1 சதவீதக் குழு. சிறு மானியத்திலிருந்து எடுத்து எல்லா ஆசிரியர்களுக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுப்பது அந்த 1 சதவீதம் போலத்தான். பிரியமாகச் செய்துகொண்டிருந்தவர் திடீரென்று தன் வேலைக்கு இவ்வளவுதான் மதிப்பா என்று யோசிக்க ஆரம்பிப்பார். அதே சமயம், அன்றாடக் கூலியை விட்டுவிட்டு வந்து கற்றுத்தரும் ஒருவரிடம் "சேவை" என்று சொல்வது அநியாயம். அவருக்கு அவர் வெளியில் வாங்கும் முழுக் கூலியையும் கொடுங்கள், ஏன் அவருக்கு மட்டும் என்பதை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுக் கொடுங்கள். மறைத்துக் கொடுத்தால் அது தெரியவரும் அன்று குழு இரண்டாகும்.

என் முடிவைச் சொல்கிறேன். இன்னும் ஒரு வகுப்புகூட நடத்தாத குழு பணம் இல்லாமல் மூன்று முறை கூடிப் பார்க்க வேண்டும், இரவல் இடத்தில், இரவல் கருவியில். மூன்று முறை கூடிவிட்டால் என்ன வாங்க வேண்டும் என்பது உங்களுக்கே தெளிவாகத் தெரியும், அப்போது நிபந்தனையில்லாத குறுமானியம் ஒன்றுக்கு எழுதுங்கள், அல்லது கூடி வாக்களிக்கும் இடத்தில் போய்ப் பேசுங்கள். ஆறு மாதம் ஒரு வருடம் நடந்து, வருகிறவர்களில் பாதிப்பேராவது உங்களுக்கு முன்பின் தெரியாதவர்கள் என்ற நிலை வந்தால் ஈடு மானியம் தேடுங்கள், உங்கள் பகுதியில் அப்படி ஒன்று இல்லையென்றால் உள்ளாட்சியிடமோ அறக்கட்டளையிடமோ "எங்கள் உழைப்பை ஈடாக எடுத்துக்கொள்வீர்களா" என்று நீங்களே கேளுங்கள். முறையான பெரிய மானியம், நிரந்தர இடம் அல்லது சம்பளத்துக்கு ஒரு ஆள் என்று தெளிவான தேவை வந்தபிறகுதான், அதுவும் கணக்கெழுத விருப்பத்தோடு முன்வரும் ஒருவர் குழுவில் இருந்தால்தான். அந்த ஒருவர் வகுப்பெடுப்பவராக இருக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன்.

தேர்வுக் குழுவில் இருந்தபோது பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன், எழுதும்போது உதவும். "சமூகத்தை வலுப்படுத்தி, இளைஞர்களை ஆற்றல்படுத்தி" என்று தொடங்கிய விண்ணப்பங்களைப் படித்து முடித்ததும் அவர்கள் செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு என்ன செய்வார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஒரு விண்ணப்பம் கையால் எழுதப்பட்டு ஒன்றரைப் பக்கம் இருந்தது. எந்த அறை, சாவி யாரிடம், போன மாதம் வந்த ஒன்பது பேர் என்ன கற்றார்கள், இரண்டு பேர் ஏன் நின்றுவிட்டார்கள், இருக்கும் ஒரே தையல் இயந்திரத்தைக் காத்திருந்து பயன்படுத்துவதால் ஆளுக்குப் பத்து நிமிடம்தான் கிடைக்கிறது, இன்னொன்று இருந்தால் இருபது நிமிடம் ஆகும். நாங்கள் ஐந்து பேரும் விவாதமே இல்லாமல் அதற்குக் கொடுத்தோம்.

அதனால், அந்த வெள்ளிக்கிழமைக் கடைசி நாளுக்கு வருவோம். மூன்று முறை கூடியிருந்தால் இன்று மாலையே உட்கார்ந்து எழுதுங்கள், ஒன்றரைப் பக்கம் போதும். இன்னும் கூடவில்லை என்றால் இந்தச் சுற்றை விட்டுவிடுங்கள். சிறு நிதிகள் பலவும் மாதத்துக்கு ஒருமுறையோ வருடத்துக்குச் சில முறையோ திரும்பத் திறக்கின்றன. அந்த வெள்ளிக்கிழமை மாலை முதல் வகுப்பை நடத்துங்கள், யார் வந்தார்கள், யார் யாரிடம் எதைக் கற்றார்கள், எந்தக் கருவிக்காக வரிசையில் நின்றார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அடுத்த சுற்று திறக்கும்போது விண்ணப்பத்தில் பாதி அந்த நோட்டிலேயே இருக்கும்.